ஆச்சி அனுப்பிய நம்பர்

போன மாதம் எதிர்வீட்டு ஆச்சி எனக்கு வாட்ஸ்ஆப்பில் ஒரு போன் நம்பர் அனுப்பினார்கள். கூடவே ஒரு குரல் பதிவு. "தம்பி, தண்ணி வரலைன்னா இவுகளுக்கு ஒரு போனைப் போடுங்க. ஆச்சி சொன்னாகன்னு சொல்லுங்க. அரை மணியில தொறந்து விட்ருவாக." இரண்டு நாளாகக் குழாய் வராமல் நான் மொட்டைமாடியில் ஏறி சின்டெக்ஸ் தொட்டிக்குள் எட்டிப் பார்த்ததை அவர்கள் கவனித்திருக்கிறார்கள். அக்கறையில் செய்த உதவி அது. அந்த நம்பருக்கு உரியவர் யார் என்று எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தேர்தலில் நின்று ஜெயித்தவர் இல்லை, அரசாங்க வேலையில் இருப்பவரும் இல்லை. ஆனால் அவர் ஒரு வார்த்தை சொன்னால் வால்வு திறக்கும்.

நன்றி சொல்லி பதில் அனுப்பினேன். நம்பரைச் சேமிக்கவில்லை, அழிக்கவும் இல்லை. ஒரு மாதமாக அது அப்படியே கிடக்கிறது. திறந்து பார்ப்பதும் மூடிவிடுவதுமாக இருக்கிறேன். "ஒரு போன் பண்றதுல என்ன வந்துச்சு?" என்று மனைவி கேட்டாள். அன்று அவளுக்குச் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. இதே மாதிரி ஒரு நம்பருக்கு நான் ஏற்கெனவே ஒருமுறை போன் செய்திருக்கிறேன். அதைச் சொன்னால்தான் மற்றது விளங்கும்.

2019, ஆனி மாதத்து இரவு

தேவகோட்டைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வேலைக்குப் போய்ச் சென்னையில் 14 வருடம் இருந்தேன். கடைசி ஆறு வருடம் தென்சென்னையில், 24 வீடுகள் உள்ள அடுக்ககத்தில். 2011 இல் மாநகராட்சியோடு சேர்த்த பகுதிகளில் அதுவும் ஒன்று. அந்த விரிவாக்கத்தில் சென்னையின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆனது. வார்டுகள் 155 இலிருந்து 200 ஆயின. கோடு போட்டுச் சேர்ப்பதற்கு ஓர் அரசாணை போதும், குழாய் பதிக்க வருடக்கணக்காகும். எங்கள் தெருவில் வீட்டுக் குடிநீர் இணைப்பே கிடையாது. போர்வெல் தண்ணீர், அது இறங்கினால் லாரி. அவ்வளவுதான்.

2019 கோடையைப் பற்றி நான் விவரிக்க வேண்டியதில்லை. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கு ஏரிகளும் கிட்டத்தட்ட வறண்டு, நாளொன்றுக்கு 83 கோடி லிட்டர் போய்க்கொண்டிருந்த நகரத்துக்கு 52.5 கோடி லிட்டராகக் குறைத்தார்கள். ஜூலை 12 ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் தண்ணீர் ரயில் வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது. எல்லாத் தொலைக்காட்சிகளும் அதைக் காட்டின. அந்த ரயில் கொண்டுவந்தது 25 லட்சம் லிட்டர். குறைத்துக் கொடுத்த அந்த அளவோடு ஒப்பிட்டால்கூட 200 இல் ஒரு பங்கு வராது. மீதித் தண்ணீர் தினமும் எந்தத் தெருவுக்குப் போகிறது, எதற்குப் போகவில்லை, அதை முடிவு செய்வது யார் என்பதுதான் அந்தக் கோடையின் உண்மையான செய்தி. அதை எந்தக் கேமராவும் காட்டவில்லை. நானும் அன்று அதை யோசிக்கவில்லை. எங்கள் சம்ப் காலியாக இருந்தது, அது ஒன்றுதான் என் மண்டையில் இருந்தது.

எங்கள் போர்வெல் மே மாதமே கைவிட்டுவிட்டது. தனியார் லாரிக்காரர்கள் இரண்டு மடங்கு கேட்டார்கள், அப்போதும் நாள் சொல்ல மாட்டார்கள். குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் செயலாளர் என்னிடம், "சார், இந்த வட்டத்துல ஒருத்தர் இருக்காரு. உங்க காரைக்குடிப் பக்கந்தானாம். நீங்க பேசினா நடக்கும்" என்றார். நம்பரும் கொடுத்தார். பேசினேன். ஊர்ப் பெயரைச் சொன்னதுமே அந்தப் பக்கம் குரல் மாறிவிட்டது. எந்தத் தெரு, யார் மகன், கொப்புடையம்மன் திருவிழாவுக்கு வருவதுண்டா என்றெல்லாம் விசாரித்தார். அப்புறம், "தண்ணிதானே, விடுங்க தம்பி. நம்ம ஊருப் பிள்ளைக்கு இதுகூடச் செய்யலைன்னா எப்படி" என்றார். அன்று இரவு 11 மணிக்கு லாரி வந்துவிட்டது.

எங்கள் அடுக்ககத்துக்குப் பின்னால் ஒரு சந்து. ஓடும் தகரமுமாக 40 வீடுகள் இருக்கும். சந்து முனையில் ஒரு கறுப்புத் தொட்டி. லாரி வந்து அதில் ஊற்றிவிட்டுப் போகும், பிடித்துக்கொள்ள வேண்டும். அதைச் சுற்றி இரண்டு நாளாகக் குடங்கள் வரிசை கட்டி நின்றன. குடத்துக்குப் பதில் செங்கல்லை வைத்து இடம் போட்டிருந்தவர்களும் உண்டு. லாரி வெளிச்சம் தெரிந்ததும் அங்கே எல்லாரும் எழுந்து நின்றார்கள். லாரி சந்துக்குள் திரும்பவில்லை, எங்கள் கேட்டுக்குள் திரும்பியது. ஓஸை சம்ப்புக்குள் விட்டார்கள். 9,000 லிட்டர் விழுகிற சத்தம் அந்த நேரத்தில் தெருமுழுக்கக் கேட்டிருக்கும். நான் கேட்டுக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். ஒரு பெண் வந்தாள், இடுப்பில் பிள்ளை. "அண்ணே, இது எங்க லாரி இல்லையா? நம்பரு எங்க லாரி நம்பருதான்" என்றாள். சத்தம் போடவில்லை, சண்டைக்கும் வரவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்பது போலத்தான் கேட்டாள். "தெரியலம்மா, டிரைவரைக் கேளுங்க" என்றேன். எனக்குத் தெரியும். போன் செய்தவன் நான்தானே. அவள் கொஞ்ச நேரம் நின்றாள். "சரிண்ணே. மிச்சம் இருந்தா ரெண்டு குடம் ஊத்தச் சொல்லுங்க" என்றாள். டிரைவரிடம் சொன்னேன், ஊற்றினார். ஒரு குடத்தை இடுப்பிலும் ஒன்றைக் கையிலும் தூக்கிக்கொண்டு, பிள்ளையை நடக்கவிட்டு அவள் போனாள். மற்றவர்கள் சந்து முனையிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகு ஒரு நாள் நிதானமாக யோசித்தபோதுதான் ஒன்று உறைத்தது. அந்தச் சந்துக்காரர்கள் போய்க் கேட்க அப்போது ஆளே கிடையாது. சென்னை மாமன்றத்தின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்துவிட்டது. வழக்கு, வார்டு மறுவரையறை என்று தள்ளிப்போய் அடுத்த தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரியில்தான். ஐந்து வருடத்துக்கும் மேலாக 200 வார்டுகளில் ஒன்றில்கூடக் கவுன்சிலர் இல்லை. நகரத்தின் மிக மோசமான தண்ணீர்ப் பஞ்சங்களில் ஒன்று அந்த இடைவெளிக்குள் வந்து விழுந்தது. கவுன்சிலர்கள் எல்லாரும் உத்தமர்கள் என்று நான் சொல்லவில்லை. தன் தெருவுக்கு முதலில் திறக்கச் சொல்லும் கவுன்சிலரையும், குழாய் இணைப்புக்குக் காசு கேட்கும் கவுன்சிலரையும் நாம் பார்த்திருக்கிறோம். ஆனாலும் கவுன்சிலருக்கு ஒரு வாசல் இருக்கிறது. காலிக் குடத்தோடு அந்த வாசலில் போய் நிற்கலாம். அடுத்த தேர்தலில் அவர் அந்தச் சந்துக்குள் வந்தாக வேண்டும். அந்த வாசல் இல்லாமல் போனதும் அவர் இருந்த இடம் காலியாகக் கிடக்கவில்லை. என் ஊர்க்காரரைப் போன்ற ஒருவர் அதில் உட்கார்ந்துகொண்டார். அவரிடம் போவதற்கு ஓட்டுரிமை போதாது, அவருடைய நம்பர் தெரிந்திருக்க வேண்டும், அவர் ஊர்க்காரராகவோ உறவாகவோ இருக்க வேண்டும்.

பெங்களூரில் 2024 கோடையில் போர்வெல்கள் வறண்டபோது அங்கும் இதே நிலைமைதான். அந்த மாநகராட்சி மன்றத்தின் காலம் 2020 செப்டம்பரில் முடிந்திருந்தது, தேர்தல் நடக்கவில்லை. மும்பையில் வேறு விதம். குறிப்பிட்ட தேதிக்குப் பிறகு வந்த குடிசைகளுக்குக் குழாய் இணைப்பு கிடையாது என்று விதியே போட்டிருந்தார்கள். 2014 டிசம்பரில் உயர் நீதிமன்றம் தலையிட்டு, குடிசை சட்டப்படியானதோ இல்லையோ, உள்ளே இருப்பவருக்குத் தண்ணீர் கொடுத்தாக வேண்டும் என்றது. மழை எல்லா ஊரிலும் பொய்க்கிறது. ஆனால் யாருடைய குடம் காலியாக இருக்க வேண்டும் என்று மழை முடிவு செய்வதில்லை.

இதில் சென்னைக்கு இன்னொரு சிக்கல் உண்டு. 1978 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அங்கே குடிநீர் தனி வாரியத்தின் கையில் இருக்கிறது. அரசியல் சட்டத்தின் 74 ஆவது திருத்தம் குடிநீர் வழங்கலை நகராட்சிகளுக்குக் கொடுக்கலாம் என்று 1992 இல் பட்டியல் போட்டது. ஆனாலும் சென்னைக் கவுன்சிலர் வாரியத்திடம் கேட்கத்தான் முடியும், உத்தரவிட முடியாது. எப்போதுமே இப்படி இருந்ததில்லை. எங்கள் பக்கத்துத் திருமயத்தில் பிறந்த சத்தியமூர்த்தி 1939 இல் சென்னை மேயரானார். நகரத்தின் தண்ணீர்ப் பஞ்சத்தைப் பார்த்துப் பூண்டி நீர்த்தேக்கத்துக்காக விடாமல் மல்லுக்கட்டினார். 1943 இல் அவர் இறந்துவிட்டார். அடுத்த வருடம் கட்டி முடித்த நீர்த்தேக்கத்துக்கு அவர் பெயரையே வைத்தார்கள். வெள்ளைக்காரன் ஆட்சியில், அதிகாரம் குறைவான ஒரு மேயருக்கு, தண்ணீர் தன் வேலை என்ற எண்ணம் இருந்திருக்கிறது. திருமயம் கோட்டையைப் பேருந்தில் கடக்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும்.

அப்பத்தா நின்ற துறை

அந்த வருடம் ஆடியில் ஊருக்கு வந்தபோது அப்பத்தாவிடம் லாரிக் கதையைச் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. யாரிடமாவது சொல்ல வேண்டியிருந்தது.

அப்பத்தா கலியாணமாகி வந்த நாள் முதல் ஒரு செட்டியார் வீட்டுக்குத் தண்ணீர் சுமந்தவர். அந்த மாதிரி வீடுகளின் வளவை, அதாவது நடு முற்றத்தை, இப்போது வெளியூர்க்காரர்கள் வந்து படம் எடுத்துப் போகிறார்கள். நாலு பக்கத்து ஓட்டுச் சரிவிலிருந்தும் மழைத் தண்ணீர் வளவுக்குள் இறங்கும். அண்டாவிலும் கிடாரத்திலும் பிடித்தது போக மிச்சம் வாய்க்கால் வழியாக ஊர்க்குளமான ஊருணிக்குப் போய்ச் சேரும். குடிதண்ணீர் ஊருணியில் யாரும் கால் கழுவக்கூடாது, துணி அலசக்கூடாது, மாடு இறங்கக்கூடாது. காவலுக்கு ஆள் உண்டு. ஊருணி வற்றினால் அடியில் ஊற்றுத் தோண்டிக் கொட்டாங்கச்சியால் மொண்டு குடம் நிரப்ப வேண்டும். இதையெல்லாம் முன்பே பலமுறை சொல்லியிருக்கிறார். ஊருணியைப் பற்றிப் பெருமையாகப் பேச எங்கள் பக்கத்தில் ஆளுக்குப் பஞ்சமில்லை. நானும் பேசியிருக்கிறேன். நகரத்து லாரி எங்கே, ஊரே சேர்ந்து காத்த ஊருணி எங்கே என்று.

அன்று அப்பத்தா வேறொன்றைச் சொன்னார். "அந்தப் பிள்ளை கேட்ட மாதிரியேதான்டா அப்பவும் கேப்பாக. சேரியிலேருந்து வந்தவுக தண்ணியில இறங்கக்கூடாது. கரையில பானையை வச்சுட்டு நிப்பாக. நாம மோந்து ஊத்துனாத்தான் அவுகளுக்குத் தண்ணி. 'ஆத்தா, ஒரு குடம் ஊத்திட்டுப் போங்க'ன்னு கூப்பிடுவாக. நேரமானா ஆச்சி வீட்டுல வைவாகன்னு காது கேக்காத மாதிரி நடந்துருவேன். ஒருநாள் ரெண்டுநாள் இல்ல."

நான் ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவரே கேட்டார். "நீ ஊத்துனியாடா?"

"ரெண்டு குடம் ஊத்தச் சொன்னேன் அப்பத்தா."

"ரெண்டுதானா" என்றார். அதற்குமேல் அதைப் பற்றி அவர் பேசவில்லை. 2021 இல் இறக்கும்வரை பேசவே இல்லை.

என் எண்ணம் புரண்டது அந்த இடத்தில்தான். ஊருணி என்றால் ஊர் உண்பது. அந்த 'ஊர்' என்ற சொல்லுக்குள் சேரி கிடையாது. இது எங்கள் கிராமத்துச் சங்கதி மட்டும் இல்லை. சிவகங்கை தனி மாவட்டமாகப் பிரியாத காலத்து ராமநாதபுரம் மாவட்டத்தில், 1930, 31 வாக்கில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்களுக்குப் போட்ட தடைகளின் பட்டியல் பதிவாகியிருக்கிறது. அதில் ஒன்று, அவர்களுடைய பெண்கள் செம்பு, பித்தளைக் குடத்தில் தண்ணீர் எடுக்கக்கூடாது, மண்பானையில்தான் எடுக்க வேண்டும் என்பது. தலையில் பானை வைக்கத் துணிச் சும்மாடு கூடாது, வைக்கோல்தான் என்பது வரைக்கும் எழுதி வைத்திருக்கிறார்கள். அதைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. தண்ணீர் இருந்த ஊரில், நிறைந்து கிடந்த ஊருணியின் கரையில், ஒருத்தி வெறும் பானையோடு நின்றிருக்கிறாள். இன்னொருத்தி, என் அப்பத்தா, ஊற்றுவதா வேண்டாமா என்று முடிவு செய்யும் இடத்தில் இருந்திருக்கிறாள். அப்பத்தாவும் ஏழைதான், அவருக்கும் மேலே வைவதற்கு ஆள் இருந்தது. ஆனாலும் படிக்கட்டில் அவருக்கு இடம் இருந்தது. இத்தனை வருடம் கழித்து அதே படிக்கட்டில்தான் நான் நின்றேன். துறைக்குப் பதில் கேட், அவ்வளவுதான்.

குழாய் வந்தது அதனால்தான் பெரிய விஷயம் என்று நினைக்கிறேன். 2009 இல் தொடங்கிய காவிரிக் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ராமநாதபுரத்தோடு சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கத்து ஊர்களுக்கும் தண்ணீர் கொண்டுவந்தது. குழாய் என்றால் யாரும் யாருக்கும் ஊற்ற வேண்டாம், யாரும் கரையில் நிற்க வேண்டாம். அதன் அர்த்தமே அதுதான். ஆனால் எங்கள் ஊரிலிருந்து அதிக தூரமில்லாத வேங்கைவயலில், பட்டியலின மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலந்திருந்தது 2022 டிசம்பரில் தெரியவந்தது. குழாய் போட்டதோடு கரை காணாமல் போய்விடவில்லை என்று அன்று தெரிந்தது.

வால்வுச் சாவி

இப்போது காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களில் ஒன்றில் வீடு கட்டி வந்துவிட்டோம். 2024 ஆகஸ்டில் காரைக்குடி மாநகராட்சியானது. சேர்ந்த ஊர்களிலும் சேராத ஊர்களிலும் டீக்கடைக்குப் போனால் இதே பேச்சு. வரி ஏறும், நூறு நாள் வேலை போய்விடும் என்று ஒரு பக்கம். சாலையும் தண்ணீரும் வரும் என்று இன்னொரு பக்கம். இரண்டிலும் நியாயம் இருக்கிறது. எனக்குக் கவலை வேறு. ஊராட்சியில் தண்ணீர் வராவிட்டால் தலைவர் வீட்டு வாசலில் போய்க் கத்தலாம், கிராம சபையில் எழுந்து கேட்கலாம். பிறகு ஊராட்சிகளுக்கும் அந்த வாசல் இல்லாமல் போனது. எங்கள் மாவட்டத்தில் ஊராட்சித் தலைவர்களின் காலம் 2025 ஜனவரியோடு முடிந்து தனி அலுவலர்கள் வந்தார்கள். நகரங்களில் கிராம சபை மாதிரியே பகுதி சபை என்று 2022 நவம்பரில் தொடங்கினார்கள். நல்ல ஏற்பாடு. அப்படி ஒன்று இருப்பது எங்கள் தெருவில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று விசாரித்தேன். மூன்று பேர். நம்பர் எத்தனை பேரிடம் இருக்கிறது என்று கேட்டேன். ஏறக்குறைய எல்லாரிடமும் இருந்தது.

எல்லாரிடமும் இல்லை என்று அப்புறம்தான் தெரிந்தது. தண்ணீர் திறந்துவிடும் அண்ணன் டிவிஎஸ் 50 இல், நீளமான வால்வுச் சாவியைக் குறுக்கே வைத்துக்கொண்டு வருவார். ஒருநாள் அவரை நிறுத்தி டீ வாங்கிக் கொடுத்துப் பேசினேன். எங்கள் பகுதிக்கு ஒரு மேல்நிலைத் தொட்டி, மூன்று வால்வு. மேலத்தெரு, நடுத்தெரு, அப்புறம் பள்ளத்தில் இருக்கும் கீழப்பகுதி. "போன் வந்தா என்ன பண்ணுவீங்க?" என்றேன். "என்னண்ணே பண்றது, கீழே இருக்கிறதை அடைச்சுட்டு இங்க தொறப்பேன். தொட்டியில இருக்கிறது அவ்வளவுதானே. புதுசா எங்கேருந்து வரும்?" என்றார். "கீழ உள்ளவுக கேக்க மாட்டாகளா?" "அவுகளுக்கு யாரைக் கேக்கிறதுன்னு தெரியாதுண்ணே. இன்னிக்குத் தண்ணி அவ்வளவுதான் போலன்னு நினைச்சுக்குவாக."

ஆச்சி சொன்ன அரை மணி எங்கிருந்து வருகிறது என்று அன்றைக்குப் புரிந்தது. மனைவிக்குச் சொல்ல வேண்டிய பதிலும் கிடைத்தது. சொன்னேன். "அப்ப கீழ யாருக்கு எந்த நேரம்னு அவங்களுக்குத் தெரியணும்ல" என்றாள். அது எனக்குத் தோன்றாத விஷயம்.

அந்த அண்ணனிடமே போய், எந்தத் தெருவுக்கு எந்த நாள், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிவரை என்று கேட்டு எழுதிக்கொண்டோம். முதலில் தயங்கினார். "எழுதிப் போட்டா எனக்குத்தான்ணே பேச்சு வரும்" என்றார். பிறகு, "இல்ல, எழுதுங்க. போன் வந்தா நான் அதைக் காட்டிச் சொல்லிக்கிறேன்" என்றார். கீழப்பகுதி முக்கில் இருக்கும் பெட்டிக்கடைச் சுவரில் சாக்பீஸால் மூன்று வரி எழுதினோம். திங்கள், வியாழன், கீழப்பகுதி, காலை 5:30 முதல் 7 வரை. கடைக்கார அண்ணன் மழையில் அழிந்துவிடும் என்று பெயிண்ட் வாங்கி வந்து அதன்மேலேயே எழுதிவிட்டார். இதை எழுதிக்கொடுத்து முத்திரை வாங்க ஓர் அலுவலகத்துக்கு இரண்டு முறை போய் வந்திருக்கிறேன். இன்னும் கிடைக்கவில்லை, மறுபடி போவேன். எதிர்வீட்டு ஆச்சியிடமும் போய்ச் சொன்னேன். "எனக்கு அது தெரியாதேப்பா" என்றார்கள். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "கீழ பிள்ளைக் குட்டிக்காரவுகல்ல" என்றார்கள்.

போன வியாழக்கிழமை ஆறு மணிக்குள் தண்ணீர் நின்றுவிட்டது. நான் பால் வாங்கப் போனபோது கீழப்பகுதியிலிருந்து ஒரு பெண், கையில் காலிக் குடத்தோடு, டிவிஎஸ் 50 ஐ மறித்து நின்றாள். சுவரைக் காட்டி, "ஏழு மணின்னு எழுதியிருக்குல்ல, மணி ஆறுகூட ஆகலை. யாரு அடைக்கச் சொன்னா?" என்று கேட்டாள். அண்ணன் அவளையும் சுவரையும் பார்த்தார். சட்டைப் பையில் போன் அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. சாவியைக் கழற்றிக்கொண்டு வால்வுக் குழிக்கு நடந்தார்.